கதைப் பாட்டும் களத்துப் போட்டியும்

(சங்க ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் பேசுமாறு செயலாளர் நம்மை அழைத்தபோது, பொருள் இலக்கியமாகவே இருத்தல் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மறுநாள் மாலையில் சங்கத்து இளைஞர்கள் நால்வர் வந்தனர். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினால் முன் வரிசையில் அமர்வோம், இல்லையேல் சிற்றுண்டி வழங்கும் நேரத்துக்கு வந்து சேர்வோம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டனர். மூத்தோரையும் இளையோரையும் ஒருங்கே பகைத்துக்கொண்டு நிக்டியில் குடியிருக்க இயலாது. ஆகவே, இரண்டையும் ஒரு பொருளாக்கிப் பேசத் துணிந்தோம். சமாதானத்துக்காகத் தொடங்கிய முயற்சிதான். ஆயினும் எண்ணிப் பார்க்கப் பார்க்க, மக்கள் கண்ணீர் மல்கக் கேட்கும் கதைப் பாட்டும், ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வரும் ஆடுகளப் பகையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே என்பது தெளிவாயிற்று.

முதலில் பாட்டை எடுத்துக்கொள்வோம். நல்லதங்காள் கதையைக் கேளாத தமிழ் மூதாட்டி இவ்வவையில் ஒருவரும் இருக்கமாட்டார். பஞ்சத்தால் நலிந்த ஒருத்தி, ஏழு குழந்தைகளை அழைத்துக்கொண்டு, தமையன் நல்லதம்பி வீட்டை நாடி வருகிறாள். தமையன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி கதவை அடைக்கிறாள். பசித்த பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பொறாத தாய், ஒவ்வொன்றாக அவற்றைக் கிணற்றில் எறிந்து, தானும் வீழ்ந்து மாய்கிறாள். விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. பெரிய எழுத்துப் புத்தகமாக அச்சேறித் திருவிழாக் கடைகளில் விற்றது இக்கதை, நாடகமாக ஆடப்பட்டது, 1935-இலும் 1955-இலும் திரைப்படமாகவும் வந்தது.

இக்கதையின் வலிமை எங்கே இருக்கிறது? புலவர் பெருமக்கள் எதிர்பார்க்கும் உவமை நயமோ, சொல் நயமோ அதில் மிகுதியாக இல்லை. ஆனால், பாடுகிறவர் அவசரப்படுவதில்லை. ஏழு பிள்ளைகள் என்றால் ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொருவராகக் கிணற்றங்கரைக்குக் கொண்டுவருவார். மூத்த மகன் தாயை விட்டு ஓடித் தன்னையேனும் பிழைக்க விடுமாறு கெஞ்சும் இடத்திலே, கேட்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். முடிவு எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், இம்முறையாவது தமையன் முன்கூட்டியே வந்துவிட மாட்டானா என்று நெஞ்சு ஏங்கும். இந்த ஏக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடுகளத்துக்கு வரும்போது இதுவே நமக்கு வேண்டியிருக்கும்.

கதைப் பாட்டு என்பது பழங்காலத்தோடு நின்றுவிட்ட ஒன்றன்று. சென்னைக் குஜிலிக் கடைத் தெருவிலிருந்து காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற சிறு புத்தகங்களை நம் முன்னோர் வாங்கிப் படித்தனர். வெள்ளம் வந்தால் வெள்ளச் சிந்து. புயல் அடித்தால் புயற் சிந்து. ஊரில் ஒரு கொலை நடந்துவிட்டாலோ கொலைச் சிந்து. சந்தையிலும் இரயில் வண்டியிலும் ஒருவர் நின்று பாட, மற்றொருவர் புத்தகத்தை விற்பார். செய்தித்தாள் எட்டாத வீட்டுக்கும் செய்தி எட்டியது. அதுவும் கண்ணீரோடு எட்டியது. கொலையுண்டவளின் தாய் புலம்புவதாக ஒரு பகுதி, தூக்குமேடை ஏறுமுன் கொலைஞன் வருந்துவதாக ஒரு பகுதி என்று அவற்றுக்கென ஓர் அமைப்பே உண்டு.

கடல் கடந்தும் இதே கதைதான். அமெரிக்க நாட்டின் வடக்குக் கரோலினாப் பகுதியில், 1866-இல் லாரா பாஸ்டர் என்னும் பெண் கொலையுண்டாள். அதற்காகத் தாமஸ் டூலா என்பவன் 1868-இல் தூக்கிலிடப்பட்டான். மலைநாட்டு மக்கள் அவனைப் பற்றிப் பாடிவந்த பாட்டை, 1958-ஆம் ஆண்டில் கிங்ஸ்டன் டிரியோ என்னும் மூவர் குழு இசைத்தட்டில் பாடிற்று. அந்நாட்டின் விற்பனை வரிசையில் அது முதலிடம் பெற்றது. நம் ஊரில் அதனைக் கொலைச் சிந்து என்றிருப்போம். அவர்கள் அதனை ‘பாப்’ இசை என்றார்கள். பெயர்தான் வேறு. இரண்டாண்டு கழித்து, 1960-இல், மற்றொரு பாட்டு புகழ் பெற்றது. காதலிக்குத் திருமண மோதிரம் வாங்கப் பணமில்லாத இளைஞன் ஒருவன், பரிசுத் தொகையை எண்ணி மோட்டார்ப் பந்தயத்தில் கலந்துகொண்டு, வண்டி கவிழ்ந்து இறக்கிறான். தன் அன்பை லாராவிடம் சொல்லுமாறு வேண்டி உயிர்விடுகிறான். ரே பீட்டர்சன் அமெரிக்காவிலும், ரிக்கி வாலன்ஸ் இங்கிலாந்திலும் அதனைப் பாடினர். இதைக் கேட்டு விம்மிய பெண்களைப் பார்த்து அந்நாட்டு அறிஞர்கள் நகைத்தார்களாம். நல்லதங்காளுக்கு அழுத நம் பாட்டிமாரைப் பார்த்தும் ஆங்கிலம் கற்றோர் நகைத்ததுண்டு. நகைத்தவர்களின் பெயர் மறைந்தது, பாட்டு நின்றது.

இனி ஒரு கேள்வி. இப்பாட்டுகள் யாரைப் பாடுகின்றன? பேராசிரியர் நா. வானமாமலை அவர்கள் தேடித் தொகுத்துப் பதிப்பித்த கதைப் பாடல்களைப் புரட்டிப் பாருங்கள். கான்சாகிபு சண்டையின் தலைவன் யூசுப்கான், 1764-ஆம் ஆண்டு அக்டோபரில் மதுரையிலே தூக்கிலிடப்பட்டவன். கட்டபொம்மன் 1799-இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டவன். முத்துப்பட்டன் மந்தை காக்கச் சென்று மாண்டவன். தேசிங்குராசன் 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படைக்கு எதிரே சிறு படையுடன் சென்று செஞ்சியை இழந்தவன். வென்றவர்களின் பெயரைப் பாட்டிலே தேடித்தான் கண்டெடுக்க வேண்டும். சாதத்துல்லாகானை இன்று தெருவில் யார் அறிவார்? தேசிங்கையும் அவன் குதிரையையும் அறியாதார் யார்? வரலாற்றை வென்றவன் எழுதுகிறான் என்பார்கள். எழுதிக்கொள்ளட்டும், பாட்டைத் தோற்றவனுக்கு அல்லவா மக்கள் கொடுத்திருக்கிறார்கள்!

நாம் வாழ வந்த இம்மராட்டிய மண்ணில் நிலைமை சற்று வேறு. இங்கே ஷாஹீர்கள் டப்பும் துந்துணேயும் முழங்கப் பாடும் பவாடா, பெரும்பாலும் வெற்றிப் பாட்டே. சிவாஜி மன்னர் 1659-இல் அப்சல்கானை வீழ்த்தியதை அக்ஞானதாசர் பாடினார். மகாத்மா புலே அவர்கள் சிவாஜியைப் பற்றி 1869-இல் ஒரு பவாடா இயற்றினார். ஆயினும், பவாடாக்களில் நெஞ்சைப் பிழிவது எது என்று இவ்வூர் நண்பர்களைக் கேட்டால், துளசிதாசர் பாடிய சிம்ஹகட்டைத்தான் பெரும்பாலோர் சொல்வர். 1670-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், தானாஜி மாலுசரே மகன் திருமணத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கோட்டையைப் பிடிக்கப் போனான் என்பது கதை. கோட்டை கிடைத்தது, தானாஜி திரும்பவில்லை. வெற்றியிலேயும் ஓர் இழப்பு இருந்தால்தான் பாட்டுக்கு உயிர் வருகிறது போலும்.

தேசிங்கைச் சொன்னோம், செஞ்சியைப் பற்றி ஒரு சொல் கூறாமல் மேலே போக மனம் வரவில்லை. அக்கோட்டையை 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் இராஜாராம், மொகலாயர் முற்றுகையிட்டிருந்த நெடுங்காலம் அங்கிருந்துதான் மராட்டிய அரசை நடத்தி, 1698-இல் தப்பிச் சென்றார். 2025-ஆம் ஆண்டு ஜூலையில், மராட்டியப் படைத்துறை நிலக்காட்சிகள் என்னும் பெயரால் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. நிக்டியில் வாழும் தமிழர்க்கு இதைவிட வேறென்ன உறவுச் சீட்டு வேண்டும்?

பாட்டு இருக்கட்டும். இளைஞர்கள் முன் வரிசையில் நெளியத் தொடங்கிவிட்டார்கள், களத்துக்குப் போவோம்.

அமெரிக்கர்க்குப் பேஸ்பால் என்பது நமக்குக் கிரிக்கெட் போன்றது. அந்நாட்டின் புகழ்பெற்ற விளையாட்டுப் பாட்டு, ‘மட்டை பிடித்த கேசி’ என்பது. எர்னஸ்ட் தேயர் எழுதிய அது 1888-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றில் வெளிவந்தது. ஊரே நம்பியிருக்கும் பெருவீரன் கேசி, கடைசி வாய்ப்பில் மட்டையை ஓங்கி வீசுகிறான், பந்து படவில்லை, ஊர் தோற்கிறது. அவ்வளவுதான் கதை. வெற்றி பெற்ற அணியைப் பற்றி அதிலே பேச்சில்லை. தேசிங்கைப் பாடிய நம் நாட்டுப் பாடகர் இதைக் கேட்டிருந்தால், நம்மவர் ஒருவர் அங்கும் போயிருக்கிறார் என்றே எண்ணியிருப்பார்.

அந்நாட்டு ஆட்டப் பகைகளில் தலையாயது, நியூயார்க் நகரின் யாங்கீஸ் அணிக்கும் புரூக்ளின் பகுதியின் டாட்ஜர்ஸ் அணிக்கும் இடையே நிகழ்ந்தது. யாங்கீஸ் செல்வமும் வெற்றியும் குவிந்த அணி. புரூக்ளினோ வந்தேறிய உழைப்பாளிகள் நிறைந்த பகுதி. 1947-இல் ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரரை முதன்முதலாகப் பெரிய ஆட்டத் தொடருக்குக் கொண்டுவந்து, நிறவேற்றுமைச் சுவரை உடைத்தது டாட்ஜர்ஸ் அணியே. இரண்டும் உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியில் 1941, 1947, 1949, 1952, 1953 ஆகிய ஐந்து ஆண்டுகளில் மோதின. ஐந்திலும் யாங்கீஸ் வென்றது. அடுத்த ஆண்டு பார்ப்போம் என்பதே புரூக்ளின் மக்களின் வழக்குமொழி ஆகிவிட்டது. 1955-இல் ஏழாவது ஆட்டத்தில், ஜானி பாட்ரஸ் என்னும் இளைஞர் எதிரணியை ஓர் ஓட்டமும் எடுக்கவிடாமல் பந்தெறிந்து, இரண்டுக்குச் சுழி என்னும் கணக்கில் வெற்றி தேடித் தந்தார். அக்டோபர் 4-ஆம் நாள் அது. புரூக்ளின் மக்கள் தெருவெல்லாம் ஆடினர்.

அடுத்த ஆண்டு மீண்டும் தோல்வி. அதற்கடுத்த ஆண்டாகிய 1957-இன் முடிவிலே, அணியின் உடைமையாளர் அணியையே பெயர்த்து, நாட்டின் மறுகோடியிலுள்ள லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கொண்டு போய்விட்டார். அவர்கள் ஆடிய எபட்ஸ் பீல்டு என்னும் திடல் 1960-இல் இடித்துத் தள்ளப்பட்டது. அவ்விடத்தில் அடுக்கு வீடுகள் எழுந்தன. பிறகு 1968-இல் சைமனும் கார்பங்கலும் பாடிய ஒரு பாட்டு, யாங்கீஸ் அணியின் பழைய வீரர் ஜோ டிமாஜியோ எங்கே போனார் என்று தேடிற்று. 1973-இல் பிராங்க் சினாட்ரா, ஒரு காலத்தில் இங்கே ஒரு பந்தாட்டத் திடல் இருந்தது என்னும் கருத்தமைந்த பாட்டைப் பாடினார். பஞ்சாலை மூடிய ஊரைப் பற்றியும், ஏரி தூர்ந்த ஊரைப் பற்றியும் நம்மவர் பாடுவது போன்றதே அது. வாழ்ந்த இடம் இல்லாமற்போன துயரம் வெறும் ஆட்டக்காரர்க்கு மட்டும் உரியதா என்ன?

நம்மைப் போன்று பிழைப்பு நாடிப் பெயர்ந்த மக்கள் ஆட்டத்தையும் பாட்டையும் ஒன்றாக்கிய கதை இங்கிலாந்தில் உண்டு. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து 1948-இல் விண்ட்ரஷ் என்னும் கப்பலில் இலண்டன் வந்து இறங்கியவர்களுள், லார்டு பிகினர், லார்டு கிச்சனர் என்னும் பட்டப்பெயர்கள் தாங்கிய கலிப்சோப் பாடகர் இருவரும் இருந்தனர். 1950-ஆம் ஆண்டு ஜூனில், லார்ட்ஸ் திடலில் மேற்கிந்திய அணி முதன்முறையாக இங்கிலாந்தை அதன் மண்ணிலே வென்றது. ராமாதின், வாலண்டைன் என்னும் இரண்டு இளம் பந்துவீச்சாளர்கள் செய்த விந்தை அது. குளிரிலும் வேற்றுமையிலும் வாடிய அம்மக்கள் திடலுக்குள் பாடிக்கொண்டே வந்தனர். லார்டு பிகினர் அவ்வெற்றியை இசைத்தட்டாக்கினார். அப்பாட்டு இன்றும் கேட்கப்படுகிறது. 1971-இல் நம் இந்திய அணி அத்தீவுகளுக்குச் சென்று வென்றபோது, கவாஸ்கர் நான்கே போட்டிகளில் 774 ஓட்டங்கள் குவித்தார். சென்னை வெங்கட்ராகவன் 22 விக்கெட்டுகளைச் சாய்த்தார். அப்போது லார்டு ரிலேட்டர் என்னும் கலிப்சோப் பாடகர், தம்மவரை வென்ற கவாஸ்கரைப் புகழ்ந்து பாட்டுக் கட்டினார். எதிரியைப் பாடும் பெருந்தன்மை நமக்கு வருமா என்பது பிறகு வரும் கேள்வி.

நம் மாநிலங்கள் இரண்டுக்கும் இடையேயுள்ள பகையைப் பார்ப்போம். ரஞ்சிக் கோப்பையின் 1940-41-ஆம் ஆண்டு இறுதி ஆட்டம் சென்னைச் சேப்பாக்கத்தில் நடந்தது. ஆடியவை சென்னையும் மகாராஷ்டிரமும், வென்றது மகாராஷ்டிரம். அவ்வணியின் தலைவர் பேராசிரியர் தி. ப. தேவதர்; அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. பூனாவில் வடமொழி கற்பித்து வந்தவர். பகலில் காளிதாசரும் மாலையில் கிரிக்கெட்டும்! இலக்கியமா ஆட்டமா என்று நம்மிடம் வழக்குக்கு வந்த இரு தரப்பினரும் இவரை நினைத்துக்கொள்வது நலம். அவர் நூற்றோராண்டு வாழ்ந்து 1993-இல் மறைந்தார்.

அதற்குப் பின் 1972-73-இல் அதே சேப்பாக்கத்தில் தமிழ்நாட்டுக்கும் பம்பாய்க்கும் இறுதி ஆட்டம். பம்பாய் அதற்குமுன் பதினான்கு ஆண்டுகள் தொடர்ந்து கோப்பையை வைத்திருந்தது. தமிழ்நாட்டிடமோ வெங்கட்ராகவனும் வி. வி. குமாரும் இருந்தனர். பந்து சுழலும் ஆடுகளம். வெற்றி நமதே என்று நம்மவர் நம்பினர். பம்பாய் 151-இல் சுருண்டது. ஆனால் பத்மாகர் சிவால்கர் என்னும் இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர் எட்டு விக்கெட்டுகளைப் பதினாறே ஓட்டங்களுக்கு வீழ்த்த, தமிழ்நாடு 80-இல் முடங்கிற்று. இரண்டாம் முறை பம்பாய் 113, தமிழ்நாடு 61. சிவால்கர் மீண்டும் ஐந்து விக்கெட்டு. மூன்றாம் நாள் தொடங்கியவுடனே ஆட்டம் முடிந்துவிட்டது. நாம் தோண்டிய குழியில் நாமே வீழ்ந்தோம் என்று அன்றைய சென்னையில் பேசிக்கொண்டவர்கள், இன்றும் முதுமையில் அதனையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சிவால்கரின் வரலாறு சுவையானது. அவர் காலத்தில் பிஷன்சிங் பேடி என்னும் மற்றொரு பெரிய இடக்கை வீச்சாளர் இந்திய அணியில் இருந்தமையால், சிவால்கர் ஒரு டெஸ்ட் ஆட்டமும் ஆட வாய்க்காமலே ஓய்வு பெற்றார். ஆனால் அவர் பாடகர்! பந்தை விதியின் கையில் வைத்துப் பார்க்கும் கருத்துடைய ஒரு மராத்திப் பாட்டைப் பாடி, வானொலி வழியே வீடு வீடாக அறியப்பட்டார். நம்மைத் தோற்கடித்தவரே தம் வாழ்வின் தோல்வியைப் பாட்டாகப் பாடிவிட்டார். 2025 மார்ச்சில் அவர் மறைந்த செய்தி கேட்டு, இங்குள்ள மராட்டிய நண்பர்கள் அவருடைய விக்கெட்டுக் கணக்கையும் சொன்னார்கள், அப்பாட்டையும் முணுமுணுத்தார்கள்.

பூனா மண்ணிலேயே நடந்தும் போதிய அளவு பாடப்படாத கதை ஒன்று உண்டு. 1948 டிசம்பரில், பூனா கிளப் திடலில், மகாராஷ்டிரத்துக்கும் காதியவாருக்கும் ஆட்டம். பாவுசாகேப் நிம்பால்கர் ஆட்டமிழக்காமல் 443 ஓட்டங்கள் எடுத்திருந்தார். உலகச் சாதனையாக அன்று விளங்கியது பிராட்மனின் 452. ஒன்பதே ஓட்டங்கள் எடுத்தால் அதனைத் தொட்டுவிடலாம். இடைவேளையில், எதிரணித் தலைவராயிருந்த ராஜ்கோட் தாகூர் சாகேப், இதற்குமேல் ஆட இயலாது என்று ஆட்டத்தையே கைவிட்டுத் தம் அணியுடன் புறப்பட்டுவிட்டார். நான்கு விக்கெட்டுக்கு 826 ஓட்டங்கள் என்ற நிலையில் பலகை நின்றது. நிம்பால்கருக்கும் டெஸ்ட் ஆட்டம் ஒன்றேனும் வாய்க்கவில்லை, 2012-இல் மறைந்தார். ஒரு வில்லுப்பாட்டுப் புலவர் கையில் இக்கதை கிடைத்திருந்தால், அந்த ஒன்பது ஓட்டங்களை ஒன்பது பகுதிகளாகப் பிரித்துப் பொழுது விடியும்வரை பாடியிருப்பார்.

இனி நம் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். இங்கேதான் உண்மையான சண்டை நடக்கிறது.

இந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ் 1954-இல் பிம்ப்ரியில் தொடங்கியது முதலாக, டெல்கோ, பஜாஜ் என்று ஆலைகள் ஒவ்வொன்றாக எழ, நம் முன்னோர் இப்பகுதிக்கு வந்து சேர்ந்தனர். பிராதிகரணில் வீடு கட்டினர். அவர்கள் பெற்ற பிள்ளைகள் மராத்தியைத் தாய்மொழிபோல் பேசுகிறார்கள். பேரப்பிள்ளைகள் சிலர் மராத்தியிலேதான் கனவு காண்கிறார்கள். ஏப்ரல் திங்கள் வந்தால் வீடு இரண்டுபடுகிறது. தாத்தா மஞ்சள் சட்டை. பேரன் நீலச் சட்டை. சென்னையும் மும்பையும் ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் 2010, 2013, 2015, 2019 என நான்கு முறை மோதியுள்ளன. முதல் முறை சென்னை. பின் மூன்று முறையும் மும்பை. 2023-ஆம் ஆண்டு முடிய, இரண்டும் ஐந்தைந்து கோப்பைகள். யாங்கீஸ், டாட்ஜர்ஸ் கதையை நாம் அவ்வளவு நீட்டிச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும்.

2019 மே 12-ஆம் நாள் ஐதராபாத்தில் நடந்த இறுதி ஆட்டத்தை யாரும் மறந்திரார். மும்பை 149. சென்னைக்காக வாட்சன் முழங்காலில் குருதி கசிந்து ஆடை நனைந்திருக்க, யாரிடமும் சொல்லாமல் 80 ஓட்டங்கள் எடுத்துக் கடைசிச் சுற்றில் ஓடி ஆட்டமிழந்தார். கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டங்கள் வேண்டும். மலிங்கா வீசிய பந்து காலில் பட்டது. சென்னை 148. ஓர் ஓட்டத்தில் தோல்வி. வென்றவரைவிட வாட்சனின் குருதி தோய்ந்த முழங்காலே இன்று பேசப்படுகிறது; நல்லதங்காள் கதையில் நாம் கண்ட அதே ஏக்கம், இம்முறையாவது பந்து மட்டையில் பட்டுவிடாதா என்று, அவ்வாட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பவரிடம் இருக்கிறது. ஒன்றை மட்டும் சொல்லிவைப்போம்: அன்று கடைசியாக ஆட்டமிழந்த சென்னை வீரர் சார்துல் தாகூர், மகாராஷ்டிரத்துப் பால்கரைச் சேர்ந்தவர். மும்பைக்கு வெற்றி தந்த மலிங்கா இலங்கைக்காரர். யார் யாருக்குப் பகை?

2017-இல் பூனா அணியும் அதே ஐதராபாத்தில், அதே மும்பையிடம், அதே ஓர் ஓட்டத்தில் இறுதி ஆட்டத்தை இழந்தது, 129-க்கு 128. அந்தப் பூனா அணியிலே சென்னையின் வாஷிங்டன் சுந்தர் பதினேழு வயதுப் பிள்ளையாக ஆடினார். அன்றிரவு நம் வீடுகளில் தாத்தாவும் பேரனும் ஒரே பக்கம் அமர்ந்து வருந்தினார்கள் என்பது நிக்டிக்கு மட்டும் வாய்த்த பேறு.

பின்னர் 2018 வந்தது. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரித் தமிழகத்தில் கிளர்ச்சி நடந்த காலம். சேப்பாக்கத்தில் ஓர் ஆட்டம் நடந்தபின், சென்னை அணியின் ஏனைய உள்ளூர் ஆட்டங்களை வேறிடம் மாற்ற நேர்ந்தது. மாற்றிய இடம் எது? நமக்கு அண்மையிலுள்ள கஹுஞ்சே! புலம்பெயர்ந்த நம்மைத் தேடி ஒரு சென்னை அணியே புலம்பெயர்ந்து வந்துவிட்டது. ஏப்ரல் 20-ஆம் நாள் முதல் ஆட்டத்துக்குச் சென்னையிலிருந்து தனி இரயில் ஒன்றில் ஏறத்தாழ ஆயிரம் அன்பர்கள் விசில் ஊதிக்கொண்டு வந்து இறங்கினர். அன்று வாட்சன் 106. அங்கு ஆடிய ஆறு ஆட்டங்களில் சென்னை ஐந்தில் வென்றது. தோற்ற ஒன்று மும்பையிடம். மே 27-இல் மும்பை வாங்கடே திடலில் கோப்பையையும் வென்றது. புரூக்ளின் மக்களிடமிருந்து அணி பிரிந்து போயிற்று; நம்மிடமோ வந்து சேர்ந்தது, ஆறே ஆட்டங்களுக்கு. அவ்வாறு ஆட்டங்களைப் பற்றி ஒரு பாட்டு இன்னும் இல்லை. அந்த இரயிலில் வந்தவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்டவர்கள், அவர்களோடு மஞ்சள் சாயம் பூசிக்கொண்டு நடந்தவர்கள் இவ்வவையிலே இருக்கக்கூடும்.

பேரன் நீலச் சட்டை அணிவதைப் பார்த்து, தமிழ் உணர்வு குன்றிவிட்டது என்று வருந்தும் பெரியோர் நம்மிடையே உளர். அவ்வருத்தத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட மாட்டோம். அதிலே ஓர் உண்மையான அச்சம் இருக்கிறது. ஆயினும் அச்சம் தவறான வாசலில் காவல் நிற்கிறது என்பது நம் கருத்து. சட்டையின் நிறம் அடுத்த ஆண்டே மாறும். 2024-இல் சென்னை அணிக்குத் தலைமை ஏற்ற ருதுராஜ் கெய்க்வாட், நம் பிம்ப்ரி-சிஞ்ச்வட் நகரத்துப் பிள்ளை. தேர்காவில் பயிற்சி பெற்றவர். நம் தெருக்களிலே மராட்டியச் சிறுவர்கள் அவருக்காக மஞ்சள் அணிகிறார்கள். அதனால் அவர்களுடைய மராத்தி குன்றிவிட்டதா?

குன்றுவது வேறிடத்தில். நல்லதங்காள் கதையை முழுதும் பாடத் தெரிந்தவர்கள் நம் சங்கத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர்கள் அனைவரும் எழுபதைக் கடந்தவர்கள். பேரப்பிள்ளைகள் கேட்கத் தயங்குகிறார்கள். சொற்கள் புரியவில்லை என்கிறார்கள். உண்மையில் புரியாதது சொற்கள் அல்ல. மூளி அலங்காரி யார், தாய்வீடு என்றால் என்ன, பஞ்சம் என்றால் என்ன என்பதை எடுத்துச் சொல்ல அருகே ஒருவர் அமர்வதில்லை. வாட்சனின் முழங்காலைச் சொல்லி நல்லதங்காளுக்கு வரலாம். கேசியைச் சொல்லித் தேசிங்குக்கு வரலாம். அவ்வழியில் பிள்ளைகள் வருவார்கள் என்றே நம்புகிறோம், ஏனெனில் முன் வரிசை இன்னும் கலையாமல் இருக்கிறது.

ஆகவே செயற்குழுவுக்கு நம் விண்ணப்பம் இரண்டு. ஒன்று, கதைப் பாட்டு அறிந்த மூத்தோரின் குரலை ஒலிப்பதிவு செய்வது. இதற்கு இளைஞர்களின் கைப்பேசியே போதும். மற்றொன்று, வருகின்ற பொங்கல் விழாவில் ஒரு வில்லுப்பாட்டு. முன்பகுதி நல்லதங்காள், பின்பகுதி கஹுஞ்சேயில் நடந்த ஆறு ஆட்டங்கள். டப்பு முழக்கி ஒரு பவாடாவும் பாடித்தர ஒரு மராட்டிய நண்பர் இசைந்திருக்கிறார். லார்டு ரிலேட்டர் கவாஸ்கரைப் பாடியதுபோல, அன்று நம்மை வென்ற மும்பையைப் பற்றியும் நான்கு வரி நாம் பாடுவதாக அவருக்குச் சொல்லிவிட்டோம்.

வில்லும் வீசுகோலும் நாகர்கோவிலிலிருந்து வருகின்றன. உடுக்கையும் சாலராவும் கைவசம் உள்ளன. குடம் அடிக்கத்தான் ஆள் இல்லை. பழக்கம் உள்ளவர்கள் கூட்ட முடிவில் செயலாளரிடம் தம் பெயரைக் கொடுக்கலாம்.